பனமலை பஸ்ஸில் போய்வந்த என் கட்டியும், உன் இடது முட்டியும்

அறிவிப்பு, அறிவிப்பு, எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள்: நம் டீமின் ஏழாம் நம்பர் ஜெர்சியைப் பெற்றெடுத்த அதே வயிற்றிலிருந்து பெரிய சாத்துக்குடி அளவுக்கு ஒரு நீர்க்கட்டியை வெட்டி எடுத்து, அது தனியாக பஸ் ஏறி ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையில் பாஸாகி, அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரியான நான் செஞ்சியில் மல்லாந்து படுத்தபடி ஒற்றைக் கட்டைவிரலால் இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்!

தம்பி, ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. உன் நைனா போட்டால் எடுக்கிறாய். "சாப்டேன், தூங்கப் போறேன், வச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பரவாயில்லை. கோபப்பட உனக்கு உரிமை உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் உன் கபடி டீமுக்காக நான் நடத்தும் இந்த ரசிகர் பேஜை நீ தினமும் படிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். வேறு பெயரில் கணக்கு வைத்துக்கொண்டால் பெற்றவளுக்குத் தெரியாதா? "இந்த போட்டோல ஏழாம் நம்பர் நல்லாவே இல்ல, வேற போடுங்க அட்மின்" என்று ஒரே ரசிகன் மூன்று முறை கமெண்ட் போட்டால், அது யார் என்று கண்டுபிடிக்கப் போலீசா வரவேண்டும்? அதனால் இங்கேயே எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும். உன் அம்மா ஒரு விஷயத்தை ஊருக்கே சொல்லிவிட்டு உன்னிடம் மட்டும் மறைத்தாள் என்பதுதானே உன் குறை? இந்த முறை உன்னிடம் சொல்வதையே ஊருக்கும் சொல்கிறேன்.

விஷயம் ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. அதில் நீ இறங்குவதற்கு முன் உன் இடது முட்டியை ஒரு டாக்டரிடம் காட்டவேண்டும். அது வலிக்கிறது என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. கோச்சிடமும் இல்லை, கேம்ப்பில் உன் பக்கத்துக் கட்டில் பையனிடமும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். "நீ மட்டும் சொன்னியாம்மா?" என்று கேட்பாய். சொல்லவில்லை. அந்த வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு உன் முட்டியைப் பார்.

போன வருஷம் ஆடி மாசத்தில் வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்றேன். ஓமத் தண்ணீர் குடித்தேன், சீரகத் தண்ணீர் குடித்தேன். ஏழே நாளில் தொப்பை கரையும் என்று இன்டர்நெட்டில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்தேன். தொப்பை கரையவில்லை, சுவரில் சுண்ணாம்புதான் கரைந்தது. மாசா மாசம் வலது பக்கத்தில் மட்டும் யாரோ உள்ளேயிருந்து துணியைப் பிழிவதுபோல வலி. திண்டிவனம் பஸ்ஸில் ஒரு நாள் ஒரு பெண் சட்டென்று எழுந்து, "உக்காருக்கா, எத்தினி மாசம்?" என்றாள். எனக்கு நாற்பத்திரண்டு வயசு. ஒன்றும் இல்லை என்று சொன்னால் சீட்டு போய்விடும். "ஆறு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாசம் கழித்து அதே பஸ், அதே பெண். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தவள், வயிற்றைப் பார்த்ததும் கவலைப்பட்டாள். "இன்னாக்கா, எட்டாவது மாசம் ஆயிருக்கணுமே, அப்பிடியே இருக்குது? ஸ்கேன் எடுத்துப் பாத்தியா இல்லியா?" ஆகமொத்தம், என்னை ஸ்கேன் எடுக்கச் சொன்ன முதல் ஆள் நான் பொய் சொல்லி ஏமாற்றிய ஒரு நல்ல பெண். எங்கே இருக்கிறாளோ, அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறக்கவில்லை தாயி, கட்டிதான் பிறந்தது.

ஸ்கேனுக்குப் போகலாம் என்று நினைத்தபோதெல்லாம் உனக்கு ஒரு மேட்ச் இருந்தது. தர்மபுரி முடியட்டும் என்றேன். முடிந்தது. சேலம் முடியட்டும் என்றேன். உனக்கு ஜெர்சி நம்பர் கிடைத்ததும் பேஜ் ஆரம்பித்தேன், அதன் பிறகு மூச்சுவிட நேரமில்லை. கடைசியில் ரேஷன் கடை வரிசையில் அரிசிப் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. வரிசையில் நின்ற பெண்கள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தி அந்த நிலையிலும் என் கைரேகையை மிஷினில் வைக்கச் சொல்லி எனக்கான பருப்பை வாங்கிவிட்டாள். செஞ்சிப் பெண்கள் கெட்டிக்காரிகள். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி என்று தெரிந்து விழுப்புரத்து நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே ஏன் வரல?" என்றார். "பையனுக்கு மேட்ச் இருந்துது மேடம்." அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மேட்ச்சுல நீங்களா ஆடுனீங்க?"

இப்போது என் பெரிய தப்புக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது உனக்கு லீக் மேட்ச்சுகள் ஆரம்பித்துவிட்டன. "தம்பிகிட்ட சொல்லக் கூடாது, சொன்னா அடுத்த பஸ் ஏறி வந்துடுவான்" என்று உன் நைனாவிடம் சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்தாரே தவிர, அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கே தெரியும். நீ போன் பண்ணி "அம்மா எங்க?" என்று கேட்டதும் அவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "அம்மா மௌன விரதம்டா. நீ ஜெயிக்கணும்னு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிகினு வாயத் தொறக்காம இருக்குது." நான் வாயைத் திறக்காமல் இருப்பதா! அதை நம்பிய உன்னை என்ன சொல்வது? நீ நம்பியதோடு நிற்காமல் டீமில் போய்ச் சொல்லியிருக்கிறாய். அன்று ராத்திரி மேட்ச்சை ஜெயித்துவிட்டீர்கள். உன் கேப்டன் நைனாவுக்குப் போன் போட்டு, "அங்கிள், ஆன்ட்டிய லீக் முடியற வரைக்கும் பேசாம இருக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினானாம். மயக்கம் தெளிந்து படுத்திருந்த என்னிடம் அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் எட்டுத் தையல். சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்சு ஒரு தலையணையைக் கொடுத்து, "சிரிப்போ இருமலோ வந்தா இத வயித்துல அமுக்கிப் புடிச்சிக்கங்க" என்றாள். பிறகு நடந்ததற்கு அந்த ஒரு தலையணை போதவில்லை.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டி எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து வீட்டு ஆட்களிடம் காட்டுவார்கள், மெக்கானிக் கடையில் மாற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டுகிற மாதிரி. உன் நைனா பம்ப்செட் மெக்கானிக். அறுபதடிக் கிணற்றில் கயிறு கட்டி இறங்கி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற மனுஷன். தட்டை நீட்டி "பாத்துக்கங்க சார், இதான் எடுத்தது" என்றதும் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். எனக்குத் துணையாகப் பனமலையிலிருந்து வந்திருந்த உன் அத்தைதான் தாங்கிப் பிடித்தாள். "அண்ணா, அண்ணா! ஆபரேசன் அண்ணிக்குத்தான், உனுக்கில்ல, எழுந்திரு!" அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து என்னைவிட முதலில் அவருக்குத்தான் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்களாம். அன்றைக்கு அந்த மயக்கம் வராமல் இருந்திருந்தால் அடுத்த கூத்து நடந்திருக்காது. ஏனென்றால் அதன் பிறகு அந்தக் கட்டி இருக்கும் திசையையே அவர் பார்க்க மறுத்துவிட்டார்.

கட்டியை மருந்துத் தண்ணீரில் போட்டு, வெள்ளை டப்பாவில் மூடி, என் பெயரும் வயசும் எழுதிய சீட்டு ஒட்டி, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற லேபுல குடுத்துட்டு வாங்க. கவுக்காதீங்க, ஆட்டாதீங்க, தொறக்காதீங்க" என்று நர்சு கொடுத்துவிட்டாள். அதில் கெட்டது எதுவும் இருக்கிறதா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். உன் அத்தை அதை ஒரு தாம்பூலப் பையில் வைத்து என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டினாள். உனக்குத் தெரியும், அவள் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பை இருநூறு மிச்சமாகிவிட்டது. அன்றிலிருந்து நம் குடும்பத்தில் கத்தரிக்காய், ஆதார் கார்டு, மாற்றுத்துணி எல்லாமே மணமக்கள் பெயர் போட்ட அந்த மஞ்சள் பையில்தான் போய்வருகின்றன. அதே கம்பியில் அதே மாதிரி இன்னொரு பை. அதில், எனக்கு வாய் கசக்கும் என்று அவள் பனமலையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த எலுமிச்சங்காய் ஊறுகாய் டப்பா. நர்சு அதைப் பார்த்துவிட்டு, "தையல் போட்ட வயித்துக்கு ஊறுகாவா? மொதல்ல எடுத்துகினு போங்க" என்று விரட்டியதில் அத்தைக்குக் கோபம். அன்று மதியம் ஊருக்குக் கிளம்பியவள் கம்பியிலிருந்து ஒரு பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உன் நைனா மிச்சமிருந்த பையை எடுத்து, உள்ளே பார்க்காமல், இரண்டு கையாலும் பால்குடம் ஏந்துவதுபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆட்டோ குலுக்கும் என்று நடந்தே லேபுக்குப் போனார்.

லேபில் இருந்த பெண் பையைத் திறந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "சார், இதுல இன்னா அனுப்பியிருக்காங்க?" இவர் சுவரைப் பார்த்தபடி, "கட்டிம்மா" என்றார். "என்ன கட்டி?" "வயித்துல எடுத்ததும்மா. நீங்களே பாத்துக்கங்க, எனுக்கு ஆவாது." அந்தப் பெண் டப்பாவைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "சார், இது ஊறுகா சார். கடுகு தாளிச்சிருக்கு."

அதே நேரத்தில் உன் அத்தை பனமலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். நின்றால் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் கொடுத்துவிடுவோம் அல்லவா, அப்படி ஒரு அம்மாள் மடியில் என் கட்டி சௌக்கியமாக உட்கார்ந்து பயணம் செய்தது. அந்த அம்மாள் கொஞ்ச தூரம் போனதும், "இன்னாம்மா பையில, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?" என்று கேட்டிருக்கிறாள். "ஆஸ்பத்திரியிலருந்துதான் எடுத்தாறேன். எலுமிச்சங்கா ஊறுகா. எங்க அண்ணிக்கினு பாத்துப் பாத்துப் போட்டேன், அந்த நர்சு துன்ன உடல." "அய்ய, பாவமே. எங்க, ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்கறன்." "எடுத்துக்கம்மா, நீயாச்சும் துன்னு." அந்த அம்மாள் பையின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். டப்பாவின் மேல் கை வைத்துவிட்டாள். அப்போது அத்தையின் போன் அடித்தது. உன் நைனாவுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது என்பது அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியது. "பையத் தொறக்காத! உங்கிட்ட இருக்கறது ஊறுகா இல்ல, அண்ணி கட்டி! கட்டி உங்கிட்ட இருக்குது!" முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் கேட்டதாம்.

அந்த அம்மாள் சிலையாகிவிட்டாள். பையைத் தூக்கவும் பயம், மடியில் வைத்திருக்கவும் பயம். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "யாராச்சும் எடுங்கம்மா, எடுங்கய்யா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தையோ அதற்கு மேல் அழுகிறாள். கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, "யாரு வாந்தி?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் தொப்பியைச் சரி செய்துகொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "கல்யாணப் பத்திரிக குடுத்து உட்டுருக்காங்க, மருந்து மாத்தர குடுத்து உட்டுருக்காங்க, டிராக்டர் பேரிங்கு கூட எடுத்தாந்து குடுத்திருக்கேன். இது எனுக்கே புதுசுமா." ஆனால் மனுஷன் பொறுப்பானவர். பையை வாங்கி முடிச்சுப் போட்டு, எதிரே வந்த விழுப்புரம் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்து, "பஸ் ஸ்டாண்டுல அந்தம்மா ஊட்டுக்காரரு நிப்பாரு, அவருகிட்ட பத்திரமாக் குடுத்துடு. ஆட்டாத" என்று சொல்லி அனுப்பிவைத்தார். நம் ஊர்ப் பக்கம் எதையும் யாரையும் நம்பி பஸ்ஸில் கொடுத்துவிடலாம் தம்பி, அதற்கு என் வயிறே சாட்சி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் உன் நைனா ஒவ்வொரு பஸ்ஸாக ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பஸ்ஸின் படியிலிருந்து அந்தக் கண்டக்டர் மஞ்சள் பையை உயரத் தூக்கிப் பிடித்துக் கூவினாராம். "கட்டி வாங்க வந்தது யாரு? கட்டி! செஞ்சி கட்டி யாரோடது?" உன் நைனா கூட்டத்தில் கையைத் தூக்கிக்கொண்டு, "என்துதான் சார், என்துதான்" என்று ஓடினார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவர் வயிற்றைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லி முடித்தபோது நான் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிப்பில்தான் ஆரம்பித்தது. பிறகு நிஜமாகவே அழுதேன். அந்தப் பை வழியில் எங்காவது கவிழ்ந்திருந்தால், எனக்குள் இருந்தது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளை நான் இந்தப் பேஜில் எழுதவில்லை. உன் மேட்ச் ஸ்கோரைப் போட்டேன், தீ எமோஜி போட்டேன், "ஏழாம் நம்பர்டா!" என்று கத்தினேன். கத்திவிட்டு போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கெட்டதாக இருந்தால் உன்னிடம் எப்படிச் சொல்வது, மௌன விரதம் என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். நான் குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, ஆறு வாரத்துக்கு அடுப்பு வேலை கூடாது. அவர் வைக்கிற ரசத்தில் புளி இருக்கும், மிளகு இருக்கும், ரசம் மட்டும் இருக்காது. ஆனால் ஒரு வேளை தவறவில்லை. என்னை தினமும் காலையில் தெருக்கோடி வரைக்கும் நடத்திக்கொண்டு போவார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பயங்கரக் கதை சொன்னார்கள். கட்டியும் வாய்க்கு வாய் வளர்ந்தது. சாத்துக்குடி பஜாருக்குப் போவதற்குள் தேங்காய் ஆகி, பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் பரங்கிக்காய் ஆகிவிட்டது. ஒருத்தி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "உள்ள பல்லு, முடியெல்லாம் இருந்துச்சாமே?" என்று காதோடு கேட்டாள். "இல்லக்கா, செல்போன் இருந்துது, அவருகிட்ட குடுத்துட்டேன்" என்றேன். ரிப்போர்ட் வந்த அன்று அவர் அதைப் படிக்காமல் நேராக டாக்டரம்மாவிடம் கொடுத்து, அவர் "சாதாரண நீர்க்கட்டிதான், பயமில்ல" என்று சொன்ன பிறகும், "இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று சாயந்திரம் நானே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். நாளைக்குச் சொல்லலாம், கோவை மேட்ச் முடியட்டும் என்று மறுபடியும் அதே புத்தி. அதற்குள் உன் அத்தை உனக்குப் போன் போட்டு, "இன்னாடா தம்பி, அம்மா கட்டி பஸ்ல போன கத தெரியுமா?" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டாள். நீ சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "பஸ் கண்டக்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. நான் யாரும்மா உனக்கு?" உன் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். நீ இறங்கவேண்டிய மேட்ச்சுகள் போய்விடக் கூடாது என்று நினைத்த ஒரு ரசிகை எனக்குள் இருந்தாள். அவள் அம்மாவைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

உனக்கு ஒன்பது வயசில் நடந்ததை நினைத்துப் பார். கோட்டைக்கு டூர் போன இடத்தில் குரங்கு உன் பிஸ்கட்டைப் பிடுங்க, நீ அதைத் துரத்த, படியில் விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்களோடு மேட்ச் இருந்ததால் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நீ இடது கையால் இட்லி பிய்த்துத் தின்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேன். "எம் புள்ள கை ஒடஞ்சாலும் வாயத் தொறக்க மாட்டான். அவ்ளோ நெஞ்சழுத்தம்." நீ கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கோப்பை வாங்கின மாதிரி நின்றாய். அன்றைக்கு நான் உன்னை ஒரு அறை அறைந்திருக்கவேண்டும், இல்லை அணைத்துக்கொண்டு, "வலிச்சா சொல்லணும்டா கண்ணு" என்றாவது சொல்லியிருக்கவேண்டும். கை தட்டிவிட்டேன். பதிமூன்று வருஷமாக நீ அந்தக் கைதட்டலுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாயோ என்று இப்போதுதான் தோன்றுகிறது, படுத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைத்ததால்.

முட்டி எனக்கு எப்படித் தெரியும்? படுத்திருப்பவளுக்கு வேறு வேலை என்ன? உன் கோவை மேட்ச் வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. முன்பெல்லாம் எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போகும்போது இடது காலால் உதைத்துவிட்டுத் திரும்புவாய். மூன்று மேட்ச்சாக ஒரு உதை இல்லை. திரும்பும்போது வலது காலில் மட்டும் ஊன்றுகிறாய். இருபத்தோராவது நிமிஷத்தில் உன்னைப் பிடித்து மடக்கியபோது, எழுந்திருக்க எதிரணிப் பையன் தோளைப் பிடித்தாய். நீ யார் தோளையும் பிடிக்கிறவன் இல்லையே. போன மேட்ச்சிலிருந்து முழுக்கால் டைட்ஸ் வேறு, உள்ளே முட்டிப் பட்டை புடைத்துக்கொண்டு தெரிகிறது. இதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே பேஜில் ஒரு ரசிகர், "ஏழாம் நம்பருக்கு லெஃப்ட் முட்டி போச்சு, கவனிச்சீங்களா?" என்று எழுதியிருந்தார். நான் கொதித்துப்போய் அவரை, "பொறாம புடிச்சவன்" என்று திட்டி பிளாக் செய்தேன். உண்மையைச் சொன்ன ஒரே மனுஷனைத் துரத்திவிட்டு, தீ எமோஜி போட்டவர்களுக்கு எல்லாம் இதயம் போட்டேன். அண்ணா, நேற்று உங்களை அன்பிளாக் செய்துவிட்டேன். திரும்பி வாருங்கள். நீங்கள் சொன்னது சரி.

தம்பி, நான் கோச்சுக்குப் போன் போடவில்லை. நம்பர் இருக்கிறது, விரல் மூன்று முறை அதன் மேல் போனது. என் விஷயத்தை என்னை முந்திக்கொண்டு அத்தை சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது என்று தெரிந்த பிறகு, உன் விஷயத்தை உன்னை முந்திக்கொண்டு நான் சொல்லக் கூடாது. அது உன் கால், நீதான் சொல்லவேண்டும். பேஜில் எழுதுவதும் முந்திக்கொள்வதுதானே என்பாய்; அந்த அண்ணா எழுதியபோதே ஊர் உன் முட்டியைப் பார்த்துவிட்டது, போனையும் நீ எடுக்கவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு மேட்ச் போகும். அரையிறுதியே போகலாம். டீமில் உன் இடத்துக்கு வேறு பையன் வரலாம், அவன் நன்றாக ஆடியும் தொலைக்கலாம், அதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஆனால் நான் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்ததால் என் வலது சினைப்பையையே சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இதை நான் உன் நைனாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் இப்போது சொல்கிறேன். எனக்கு அது போனால் பரவாயில்லை, வயசாகிவிட்டது. உனக்கு இருபத்திரண்டு வயசு, இரண்டே முட்டி.

பேஜில் இருக்கும் எல்லாருக்கும் இனி ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நம்பர் களத்தில் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று கேட்டு யாரும் கமெண்ட் போடாதீர்கள். கேமரா அவன் பக்கம் திரும்பும்போது, இறங்கி ஆடினால் எப்படிக் கத்துவீர்களோ அதைவிட ஒரு மடங்கு கூடுதலாகக் கத்துங்கள். என் கைதட்டல் தப்பான இடத்தில் விழுந்துவிட்டது, அதைத் திருத்த எனக்கு உங்கள் எல்லாருடைய கையும் வேண்டும். கேம்ப்பில் யாராவது இதை அவன் கண்ணெதிரே நீட்டும் வரைக்கும் ஷேர் செய்யுங்கள். உங்களில் யார் யார் எங்கெங்கே எந்த வலியை "வாயுதான்" என்று சொல்லி மறைத்து வைத்திருக்கிறீர்களோ, கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன், டாக்டரிடம் போகும் வரைக்கும் விடாமல் நச்சரிக்கிறேன். இன்னும் மூன்று வாரம் எனக்கு வேறு வேலை கிடையாது.

நீ மட்டும் கமெண்ட் போடாதே தம்பி, வேறு பெயரிலும் போடாதே. போன் பண்ணு. இடதா வலதா என்று கேட்கமாட்டேன், திட்டமாட்டேன், மேட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். எத்தனை நாளாக வலிக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லு.